ஒரு நெடுஞ்சாலை, ஒரு தொகுதி: வட கரோலினா 12-இன் கதை

 ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். இன்றைக்கு நான் ‘காங்கிரஸ்’ என்று சொல்லும்போதெல்லாம் நம்ம ஊர் கட்சி ஞாபகத்துக்கு வரக்கூடாது. அமெரிக்காவில் நாடாளுமன்றத்துக்கே காங்கிரஸ் என்றுதான் பெயர். அதில் பிரதிநிதிகள் சபைக்கு 435 தொகுதிகள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் எந்த மாநிலத்துக்கு எத்தனை தொகுதி என்று முடிவாகும். ஆனால் மாநிலத்துக்குள்ளே தொகுதிக் கோடு எங்கே போகணும் என்பதைப் பெரும்பாலான மாநிலங்களில் முடிவு செய்வது தனி ஆணையம் கிடையாது. மாநிலச் சட்டமன்றம். அதாவது, அங்கே ஜெயித்து உட்கார்ந்திருக்கும் கட்சி. இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. இன்றைய கதை முழுக்க இதிலிருந்துதான் கிளம்புது.

வட கரோலினாவில் இன்டர்ஸ்டேட் 85 என்று ஒரு நெடுஞ்சாலை இருக்கிறது. 1992-இல் அந்தச் சாலையில் நீங்கள் வடக்கு நோக்கிக் கார் ஓட்டிப் போனால், ஒரு கவுண்டியில் நீங்கள் இருப்பது 12-ஆவது தொகுதி. எதிர்ப்பக்கம் தெற்கே போகிற வண்டி இருப்பது வேறொரு தொகுதி. அடுத்த கவுண்டிக்குள் நுழைந்தால் இரண்டும் இடம் மாறிவிடும். கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே சாலை, நடுவில் தடுப்பு, இந்தப் பக்கம் ஒரு எம்பி, அந்தப் பக்கம் ஒரு எம்பி. காரின் இரண்டு பக்கக் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினால் தொகுதியில் பெரும்பாலானோர் அடிபட்டுச் செத்துவிடுவார்கள் என்று அந்த ஊர் சட்டமன்ற உறுப்பினர் ஒருத்தரே கிண்டல் செய்தார். அந்தக் கிண்டல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது.

நீளம் சுமார் 160 மைல். அதாவது ஏறக்குறைய 257 கிலோமீட்டர். அகலம், பல இடங்களில் அந்த நெடுஞ்சாலையின் அகலம் மட்டும்தான். காஸ்டோனியாவில் ஆரம்பித்து, சார்லட், வின்ஸ்டன்-சேலம், கிரீன்ஸ்பரோ எல்லாம் தொட்டு டர்ஹம் வரைக்கும் 10 கவுண்டிகள் வழியாகப் போகும். அதில் 5 கவுண்டிகள் மூன்று மூன்று துண்டாக வெட்டப்பட்டிருந்தன. வரைபடத்தில் பார்த்தால் யாரோ இங்க் பேனாவை உதறின மாதிரி இருக்கும்.

முதன்முதலில் அந்தப் படத்தைப் பார்த்தப்போ நானும் சிரிச்சேன். ‘இப்படியும் ஏமாத்துவாங்களா’ன்னு தோணுச்சு. ஆனால் படிக்கப் படிக்க, நான் தப்பான இடத்தைப் பார்த்துச் சிரிச்சிருக்கேன்னு புரிஞ்சது. அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

92 வருஷ இடைவெளி

இந்தத் தொகுதி ஏன் வந்தது என்று புரிய, நூறு வருஷம் பின்னால் போகணும்.

அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, தெற்கு மாநிலங்களில் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. அந்தக் காலத்தில் அவர்கள் பெரும்பாலும் ஓட்டுப் போட்டது குடியரசுக் கட்சிக்கு. ஏனென்றால் அதுதான் லிங்கனின் கட்சி. ஜனநாயகக் கட்சி அப்போது தெற்கில் வெள்ளையர் ஆதிக்கத்தின் கட்சி. இன்றைக்கு இருக்கிற நிலைமைக்குத் தலைகீழ். கேட்கும்போது குழப்பிக்காதீங்க.

1872-இல் வட கரோலினா சட்டமன்றம் ஜனநாயகக் கட்சியின் கையில். அவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். கறுப்பின மக்கள் அதிகம் இருக்கும் கிழக்குப் பக்கக் கவுண்டிகளை எல்லாம் ஒரே தொகுதிக்குள் தள்ளினார்கள். ‘ஒரு தொகுதி போனால் போகட்டும், மற்றதெல்லாம் நமக்கு’ என்பதுதான் கணக்கு. அந்த 2-ஆவது தொகுதிக்கு ‘கறுப்பு இரண்டு’ என்றே பெயர் வந்துவிட்டது. மக்களை ஒரே இடத்தில் அடைத்து, மற்ற இடங்களில் அவர்களுடைய ஓட்டைச் செல்லாக்காசாக்குவது. இதற்கு இன்றைக்கு ‘பேக்கிங்’ என்று பெயர்.

ஆனால் அடைக்கப்பட்ட மக்கள் சும்மா இருக்கவில்லை. அந்தத் தொகுதியிலிருந்து ஜான் ஹைமன், ஜேம்ஸ் ஓ’ஹாரா, ஹென்றி சீத்தம், ஜார்ஜ் ஹென்றி வைட் என்று நான்கு கறுப்பினத் தலைவர்களை காங்கிரஸுக்கு அனுப்பினார்கள். கடைசியாகப் போனவர் வைட். 1896-இலும் 1898-இலும் ஜெயித்தார். கும்பல் படுகொலையை மத்திய அரசுக் குற்றமாக்கும் மசோதாவை 1900-இல் முதன்முதலாகக் கொண்டுவந்தவர் அவர்தான். அது நிறைவேறவில்லை.

அதற்குள் ஊரில் நிலைமை மாறிவிட்டது. 1898 தேர்தலை ஜனநாயகக் கட்சி வெளிப்படையான வெள்ளை ஆதிக்கப் பிரசாரத்தோடு சந்தித்தது. தேர்தல் முடிந்து இரண்டே நாளில், நவம்பர் 10 அன்று, வில்மிங்டன் நகரில் ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கும்பல் கறுப்பினப் பத்திரிகை அலுவலகம் ஒன்றை எரித்தது. தெருவில் கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றது. முறையாக இருந்த நகர நிர்வாகத்தைத் துப்பாக்கி முனையில் ராஜினாமா செய்ய வைத்தது. 1900-இல் மாநில அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள். ஓட்டுப் போட எழுதப் படிக்கத் தெரிந்திருக்கணும், தலைவரி கட்டியிருக்கணும். சரி, படிக்காத வெள்ளையர்கள் என்ன செய்வார்கள்? அதற்கும் வழி வைத்தார்கள். 1867-க்கு முன் உங்கள் தாத்தா ஓட்டுப் போடும் தகுதியோடு இருந்திருந்தால் உங்களுக்குப் படிப்புச் சோதனை கிடையாது. 1867-க்கு முன் யாருடைய தாத்தாவுக்கு அந்தத் தகுதி இருந்திருக்கும்? சட்டத்தில் நிறம் என்ற வார்த்தையே வராது. ஆனால் வேலை முழுக்க நிறத்தின் மேல்தான்.

வைட் மறுபடி போட்டியிடவில்லை. 1901 ஜனவரி 29 அன்று காங்கிரஸில் அவர் விடைபெற்றுப் பேசினார். இது தற்காலிகமான விடைபெறுதல்தான், எங்கள் மக்கள் ஒருநாள் எழுந்து திரும்பி வருவார்கள் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம்.

திரும்பி வந்தார்கள். எப்போது? தெற்கு மாநிலங்களிலிருந்து அடுத்த கறுப்பின உறுப்பினர்கள் தேர்வானது 1972-இல், டெக்சஸிலும் ஜார்ஜியாவிலும். வட கரோலினாவில் 1992-இல். வைட் பதவி முடிந்த 1901-இலிருந்து கணக்குப் போட்டால் சுமார் 92 வருஷம். மாநிலத்தில் ஓட்டுப் போடும் வயதுள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். ஆனாலும் அத்தனை வருஷம் ஒரு எம்பி கூட இல்லை.

பாம்பு எப்படிப் பிறந்தது

1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதில் ஒரு முக்கியமான விதி. பழைய பாகுபாட்டு வரலாறு உள்ள பகுதிகள் தேர்தல் விதியையோ தொகுதிக் கோட்டையோ மாற்றினால், முதலில் மத்திய அரசிடமோ வாஷிங்டனில் உள்ள நீதிமன்றத்திடமோ ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. வட கரோலினாவின் 100 கவுண்டிகளில் 40 இந்த விதிக்குள் வந்தன.

1990 கணக்கெடுப்பில் அந்த மாநிலத்துக்குத் தொகுதி 11-லிருந்து 12 ஆனது. அப்போதும் சட்டமன்றம் ஜனநாயகக் கட்சியிடம்தான். ஆனால் இது 1872-இன் ஜனநாயகக் கட்சி இல்லை. கறுப்பின மக்கள் பெரும்பாலும் இந்தக் கட்சிக்கு மாறியிருந்தார்கள். சட்டமன்றம் கறுப்பினப் பெரும்பான்மையோடு ஒரே ஒரு தொகுதியை வரைந்து அனுப்பியது. புஷ் ஆட்சியில் இருந்த நீதித்துறை அதை ஏற்கவில்லை. மாநிலத்தின் தென்கிழக்குப் பக்கத்தில் இன்னொன்றும் வரையலாமே, அது ஒன்றும் கோணல்மாணலாக இருக்காதே என்றது.

இங்கேதான் கவனிக்கணும். சட்டமன்றம் இரண்டாவது தொகுதியை வரைந்தது. ஆனால் நீதித்துறை சொன்ன இடத்தில் இல்லை. அங்கே வரைந்தால் ஏற்கெனவே எம்பியாக இருந்த தங்கள் கட்சிக்காரர்களின் தொகுதி கலைந்துவிடும். அதனால் யாருடைய நாற்காலியும் ஆடாதபடி, நெடுஞ்சாலையை ஒட்டி நகரத்துக்கு நகரம் தாவி, கறுப்பினக் குடியிருப்புகளை மட்டும் பொறுக்கிக் கோத்தார்கள். தொகுதியின் மக்களில் சுமார் 57 சதவீதம் கறுப்பினத்தவர்.

அதாவது, அந்தப் பாம்பு வளைந்ததற்கு முக்கியக் காரணம் கறுப்பின மக்களுக்கு இடம் கொடுத்தது இல்லை. யாருடைய இடத்தையும் தொடாமல் கொடுக்கப் பார்த்ததுதான்.

நம்ம ஊர் தனித்தொகுதியோடு இதைக் குழப்பிக்கக் கூடாது. இங்கே வேட்பாளர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருக்கணும். ஓட்டு எல்லோரும் போடலாம். அங்கே யார் வேண்டுமானாலும் நிற்கலாம். வாக்காளர் கலவைதான் கோட்டால் மாற்றப்படுகிறது.

சரி, அந்த நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த மக்களுக்குள் வேறு ஒன்றுமே பொதுவாக இல்லையா? இருந்தது. இந்த நகரங்கள் எல்லாம் பழைய ரயில் பாதையை ஒட்டி வளர்ந்தவை. புகையிலை ஆலை, துணி ஆலை, மரச்சாமான் தொழிற்சாலை. வின்ஸ்டன்-சேலத்திலும் டர்ஹமிலும் சிகரெட் கம்பெனிகளில் கறுப்பினத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்தார்கள். டர்ஹமில் கறுப்பினத்தவரே நடத்திய நார்த் கரோலினா மியூச்சுவல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1898-இல் தொடங்கியது. அதே வில்மிங்டன் வருஷம். கிரீன்ஸ்பரோவில் 1960 பிப்ரவரி 1 அன்று, வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த வுல்வொர்த் கடைச் சாப்பாட்டு மேசையில் நான்கு கல்லூரி மாணவர்கள் போய் உட்கார்ந்து எழ மறுத்தார்கள். தெற்கு முழுக்கப் பரவிய போராட்டம் அது. அந்த நான்கு பேரும் படித்தது ‘ஏ அண்ட் டி’ என்று அழைக்கப்படும் கறுப்பினப் பல்கலைக்கழகத்தில். பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருது.

எங்க ஆபீஸில் ஒருதடவை டெலிவரி ஏரியா பிரிக்கிற புரோகிராம் எழுதினேன். கட்டம் கட்டமாக, அளவெடுத்த மாதிரி வந்தது. எனக்கே பெருமை. டெலிவரிக்குப் போகிற ஒருத்தர் பார்த்துட்டு, “சார், மேப்புல பக்கம்தான், போனாத்தான் தூரம்” என்றார். நான் ஒரே ஏரியா என்று போட்ட கட்டத்துக்கு நடுவில் ரயில் பாதை. தாண்ட மேம்பாலம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. கோணலாகத் தெரிந்த ஏரியாதான் உண்மையில் ஒரே தெருவாசிகள். வரைபடத்தின் அழகு நம்ம கண்ணுக்கு. அதில் வாழ்கிறவர்களுக்கு வேற கணக்கு.

1992 நவம்பரில் 12-ஆவது தொகுதியில் மெல் வாட் ஜெயித்தார். சார்லட்காரர், யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த சிவில் உரிமை வழக்கறிஞர். 1-ஆவது தொகுதியில் இவா கிளேட்டன் ஜெயித்தார். ஜார்ஜ் வைட் சொன்ன அந்தத் தற்காலிக விடைபெறுதல் அன்றைக்குத்தான் முடிந்தது.

நீதிமன்றப் படியில் எட்டு வருஷம்

டர்ஹம் கவுண்டியில் ஓட்டு வைத்திருந்த ஐந்து வெள்ளையர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடியவர் டியூக் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராபின்சன் எவரெட். ஷா எதிர் ரீனோ என்ற வழக்கு. 1993-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் எழுதியதன் சாரம்: தோல் நிறத்தைத் தவிர வேறெதுவும் பொதுவாக இல்லாத ஆட்களை ஒரே தொகுதியில் கட்டிப்போடுவது நிறவெறிப் பிரிவினையை நினைவூட்டுகிறது, தோற்றமும் முக்கியம்.

எதிர்த்துத் தீர்ப்பெழுதியவர்களில் ஒருவர் நீதிபதி பைரன் வைட். அவர் ஒரு எளிய கணக்கைக் காட்டினார். மாநில மக்களில் வெள்ளையர் சுமார் 76 சதவீதம். இந்த வரைபடத்தில் 12-இல் 10 தொகுதிகளில், அதாவது 83 சதவீதத் தொகுதிகளில், அவர்கள்தான் பெரும்பான்மை. அப்புறம் அவர்கள் எதை இழந்தார்கள்?

நியாயமான கேள்விதான். ஆனால் ஓ’கானர் சொன்னதையும் நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். கறுப்பினத்தவர் எல்லோரும் ஒரே மாதிரி யோசிப்பார்கள், ஒரே மாதிரி ஓட்டுப் போடுவார்கள் என்று அரசாங்கமே முடிவு கட்டிக் கோடு போடுவது கொஞ்சம் உறுத்துகிற விஷயம்தான். எனக்கும் உறுத்துது. ஆனால் 92 வருஷம் அவர்களை ஒரே மாதிரி நடத்தி வெளியே நிறுத்தினது யார் என்ற கேள்வி அதைவிட அதிகமாக உறுத்துது.

1996-இல் நீதிமன்றம் அந்த வரைபடத்தை ரத்தே செய்தது. 1997-இல் கோடு மாறியது. மறுபடி வழக்கு. 1998 தேர்தலுக்கு இன்னொரு தற்காலிக வரைபடம். அதில் 12-ஆவது தொகுதியில் கறுப்பினத்தவர் 35 சதவீதம் அளவுக்குத்தான் இருந்தார்கள். அப்பவும் மெல் வாட் ஜெயித்தார். அதாவது அதற்குள் வெள்ளை வாக்காளர்களிலும் நிறையப் பேர் அவருக்கு ஓட்டுப் போடத் தொடங்கியிருந்தார்கள்.

2001-இல் ஈஸ்லி எதிர் குரோமார்ட்டி. மாநில அரசு நீதிமன்றத்தில் சொன்னது: ‘நாங்கள் நிறம் பார்க்கவில்லை, கட்சி பார்த்தோம். ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களைச் சேர்த்தோம். அவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவராக இருந்தால் நாங்கள் என்ன செய்ய?’ இந்தத் தடவை ஓ’கானரும் ஒத்துக்கொண்டார். 5-க்கு 4. தொகுதி பிழைத்தது.

அந்த வாதம் அன்றைக்குத் தொகுதியைக் காப்பாற்றியது. ஆனால் அதே வாதம் பின்னாடி எதிர்ப்பக்கத்தின் கைக்குப் போச்சு.

அதே ஆயுதம், வேறு கை

2010 தேர்தலில் வட கரோலினா சட்டமன்றம் குடியரசுக் கட்சியின் கைக்கு வந்தது. 2011-இல் கோடு போடுவது அவர்கள். வரைபடம் தயாரித்தவர் தாமஸ் ஹோஃபெல்லர் என்ற நிபுணர். இந்த முறை 12-ஆவது தொகுதியில் ஓட்டு வயதுள்ள கறுப்பினத்தவரின் பங்கு 43.8 சதவீதத்திலிருந்து 50.7 ஆக ஏறியது.

‘நல்லதுதானே’ன்னு தோணும். ஆனால் தேவையே இல்லை என்பதுதான் விஷயம். அதற்கு முந்தைய ஐந்து தேர்தல்களிலும் அங்கே கறுப்பின வாக்காளர்கள் விரும்பிய வேட்பாளர் 64-லிருந்து 72 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்திருந்தார். மாநில செனட்டர் ராபர்ட் ரூச்சோ, வாக்குரிமைச் சட்டத்துக்காகப் பங்கை 50-க்கு மேல் ஏற்றணும் என்று தன்னிடம் சொன்னதாக மெல் வாட் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். வாட் சிரித்தாராம். நாற்பது சதவீதக் கறுப்பினத் தொகுதியிலேயே நான் 65 சதவீதம் வாங்குகிறேன், இன்னும் ஏற்றினால் 80 வாங்குவேன், சட்டம் அதற்காக வரவில்லையே என்று கேட்டாராம்.

பக்கத்துத் தொகுதிகளிலிருந்து கறுப்பின வாக்காளர்களை உருவி இங்கே அடைத்தால், வாட் இன்னும் பெரிதாக ஜெயிப்பார். பக்கத்துத் தொகுதிகளில் ஜனநாயகக் கட்சி தோற்கும். 1872-இல் போட்ட அதே கணக்கு. 2012-இல் மாநிலம் முழுக்க ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் பாதிக்குச் சற்று அதிகமாகவே ஓட்டு வாங்கினார்கள். கிடைத்தது 13-இல் 4.

நடுவில் இன்னொரு அவலம். 2014 ஜனவரியில் வாட் வேறு அரசுப் பதவிக்குப் போனார். இடைத்தேர்தலை நவம்பர் பொதுத்தேர்தலோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம், செலவு மிச்சம் என்று ஆளுநர் முடிவு செய்தார். சுமார் பத்து மாதம் அந்தத் தொகுதிக்கு எம்பியே கிடையாது. நவம்பரில் ஜெயித்து வந்தவர் ஆல்மா ஆடம்ஸ், கிரீன்ஸ்பரோவில் பேராசிரியராக இருந்தவர். அன்றைய காங்கிரஸில் நூறாவது பெண் உறுப்பினர்.

2016 பிப்ரவரியில் கீழமை நீதிமன்றம் 2011 வரைபடத்தை ரத்து செய்தது. 2017-இல் கூப்பர் எதிர் ஹாரிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ‘நிறம் இல்லை, கட்சிதான்’ என்று 12-ஆவது தொகுதிக்காக இந்த முறை வாதாடியது குடியரசுக் கட்சியின் அரசு, நீதிமன்றம் நம்பவில்லை.

ஆனால் அந்தத் தீர்ப்புக்கு முன்பே, 2016-லேயே, புதுக் கோடு போட்டாகிவிட்டது. பாம்பு போச்சு. 12-ஆவது தொகுதி சார்லட் இருக்கிற மெக்லன்பர்க் கவுண்டிக்குள் மட்டும் கச்சிதமாக அடங்கிவிட்டது. மற்ற தொகுதிகளும் பார்க்க லட்சணமாக இருந்தன. நிறம் பற்றிய தரவையே நாங்கள் திறக்கவில்லை என்றார்கள். அதற்குப் பதில், கட்சி லாபம் என்பதை எழுத்துப்பூர்வமாகவே விதிகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். 13-இல் 10 குடியரசுக் கட்சிக்கு, 3 ஜனநாயகக் கட்சிக்கு. 11-க்கு 2 என்று வரைய முடியும் என்று தோணவில்லை, அதனால்தான் இப்படி என்று குழுவின் தலைவர்களில் ஒருவரான டேவிட் லூயிஸ் குழுக் கூட்டத்திலேயே சொன்னார். 2016-இல் 53 சதவீத ஓட்டு, 10 இடம். சொன்ன மாதிரியே நடந்தது.

கிரீன்ஸ்பரோவுக்கு என்ன ஆச்சு? அந்த நான்கு மாணவர்கள் படித்த ஏ அண்ட் டி பல்கலைக்கழகம், நாட்டின் மிகப் பெரிய கறுப்பினப் பல்கலைக்கழகம், சரிபாதியாக வெட்டப்பட்டது. வளாகத்தின் இந்தப் பக்க விடுதி 6-ஆவது தொகுதி, அந்தப் பக்க விடுதி 13-ஆவது தொகுதி. இரண்டிலும் மாணவர்களின் ஓட்டு கரைந்துபோகும் அளவுக்குப் பெரிய கிராமப்புறம். இரண்டிலும் ஜெயித்தது குடியரசுக் கட்சி. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு மாணவர்களுக்கு எம்பி வேற வேற. இதற்கு ‘கிராக்கிங்’ என்று பெயர், உடைத்துக் கரைப்பது. ஆல்மா ஆடம்ஸ் தன் தொகுதி கிரீன்ஸ்பரோவை விட்டே போய்விட்டதால் சார்லட்டுக்குக் குடிபெயர்ந்து அங்கே நின்று ஜெயித்தார். எம்பி வீடு மாறலாம். வாக்காளர்கள் மாற முடியுமா?

எத்தனை வரைபடம் வரையலாம்?

இந்த வரைபடம் மேல் வந்த வழக்குதான் ரூச்சோ எதிர் காமன் காஸ், 2019. இதில் எங்க ஆளுங்க வேலை வருது, அதனால் எனக்குக் கொஞ்சம் பிடிச்ச பகுதி. ஒரு வரைபடம் வேண்டுமென்றே சாய்க்கப்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிபுணர் ஒருவர் கம்ப்யூட்டரில் 3,000 வரைபடங்களை உருவாக்கினார். சட்டமன்றம் சொன்ன அதே விதிகள். கட்சி லாபம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துவிட்டார். 3,000-இல் ஒன்று கூட அசல் வரைபடம் அளவுக்குச் சாயவில்லை. ஒவ்வொன்றிலும் ஜனநாயகக் கட்சிக்குக் குறைந்தது ஒரு இடமாவது கூடுதலாகக் கிடைத்தது. நிலவியல் அப்படி, மக்கள் வாழ்கிற இடம் அப்படி என்ற சாக்கு அங்கேயே உடைந்துவிட்டது.

ஆனால் வழக்கு தோற்றது. கட்சி லாபத்துக்காகக் கோடு போடுவது அநியாயமாகவே இருக்கலாம், ஆனால் அதை அளந்து தீர்ப்புச் சொல்வது மத்திய நீதிமன்றங்களின் வேலை இல்லை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்க. நிறம் பார்த்துக் கோடு போட்டால் நீதிமன்றம் ரத்து செய்யும். கட்சி பார்த்துப் போட்டால் மத்திய நீதிமன்றம் தலையிடாது. ஆனால் வட கரோலினாவில் கறுப்பின வாக்காளர்களில் மிகப் பெரும்பாலானோர் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள். அப்போ ஒன்றைச் சொல்லி இன்னொன்றைச் செய்வது எவ்வளவு சுலபம்! 1900-இல் தாத்தா விதியில் நிறம் என்ற வார்த்தையே இல்லாமல் வேலையை முடித்தார்கள் இல்லையா, அதேதான்.

கதை அங்கேயும் நிற்கவில்லை. மாநில நீதிமன்றம் தலையிட்டதால் 2019 கடைசியில் புது வரைபடம் வந்தது. ஏ அண்ட் டி வளாகம் மறுபடி ஒரே தொகுதிக்குள் சேர்ந்தது. 2022-இல் நீதிமன்றம் ஏற்படுத்திய வரைபடத்தில் 14 இடங்கள் 7-க்கு 7 என்று பிரிந்தன. 2023-இல் சட்டமன்றம் மறுபடி கோடு போட்டது. 2024-இல் 10-க்கு 4. இடையில் ஒரு ஓட்டாளரும் தன் மனசை மாற்றிக்கொள்ளாமலே கூட இவ்வளவும் மாற முடியும்.

அப்போ நான் சிரிச்ச அந்தப் பாம்புக்கு வருவோம். 1992-இன் கோணல் கோடு, 92 வருஷமாக ஆளே இல்லாத மக்களுக்கு ஒரு ஆளைக் கொடுத்தது. 2016-இன் நேர்த்தியான கோடு, ஒரு பல்கலைக்கழகத்தை நடுவில் அறுத்தது. முதலாவது பார்க்க அசிங்கமாக இருந்ததால் தேசமே கொதித்தது. இரண்டாவது பார்க்க ஒழுங்காக இருந்ததால் பலருக்குக் கண்ணிலேயே படவில்லை. முதல் கோட்டில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. அதை வரைந்தவர்களும் தங்கள் நாற்காலியைத்தான் முதலில் பார்த்தார்கள். ஆனால் குறை வளைவில் இல்லை. பேனாவைப் பிடித்தவரே பரிட்சையும் எழுதுகிறார் என்பதில் இருந்தது. இன்றைக்கும் இருக்கு.

எங்கேயாவது தொகுதி வரைபடம் ஒன்றைப் பார்த்தால், ‘என்னடா இது இப்படி இருக்கு’ன்னு கேட்பதோடு நிறுத்தாதீங்க. யார் வரைஞ்சது, இந்தக் கோட்டுக்கு உள்ளே யாரைச் சேர்த்தாங்க, யாரை வெளியே விட்டாங்க, ஜெயிக்கிறவர் எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயிக்கிறார்னு கேளுங்க. 80 சதவீதம் வாங்கி ஒருத்தர் ஜெயித்தால், அவர் பெரிய தலைவர் என்பதோடு, அந்த உபரி ஓட்டு எந்தப் பக்கத்துத் தொகுதியிலிருந்து உருவப்பட்டது என்றும் பாருங்க.